சவரக்கத்திக்குப் புதுப் பிடி

மடக்குச் சவரக்கத்தியில் பாகங்கள் அதிகம் இல்லை. எஃகு அலகு ஒன்று, அதை மூடி வைக்க இரண்டு மெல்லிய பட்டைகள், அலகையும் பட்டைகளையும் கோக்கிற ஆணி ஒன்று, மறுமுனையில் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆப்பும் அதற்கோர் ஆணியும். அவ்வளவுதான். திருகு கிடையாது, வில் கிடையாது, பூட்டு கிடையாது. இரண்டு பட்டையும் சேர்ந்ததுதான் பிடி. மடக்கும்போது அதுவே உறை. நூறு வயதான கத்தியை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அலகு உயிரோடு இருக்கும், பிடி போயிருக்கும். கொம்பு என்றால் பூச்சி அரித்திருக்கும், செல்லுலாய்டு என்றால் வெடித்திருக்கும், மரம் என்றால் ஆணியைச் சுற்றிப் பிளந்திருக்கும். ஆகவே பழைய சவரக்கத்தியைப் புதுப்பிக்க உட்காருகிறவருக்குப் பாதி வேலை துருவோடு, மீதிப் பாதி பிடியோடு. பொறுமை அதிகம் கேட்பது பிடிதான்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என்று ஊர்கள் வரிசையாக வரும். தமிழ்நாட்டுக் கிராமங்கள் எங்கும் போலவே இந்தப் பக்கத்திலும் நாவிதர் வீடு தேடி வந்து திண்ணையில் உட்காரவைத்துச் சவரம் செய்த காலம் உண்டு. கூலி அறுவடையின்போது களத்துமேட்டில் தானியமாக வரும். அவர் கொண்டுவரும் தோல் பைக்கு அடைப்பம் என்று பெயர். உள்ளே கிண்ணம், கத்தரிக்கோல், தீட்டுக்கல், தோல்வார், நகம் வெட்டும் உளி, இரண்டு மூன்று கத்திகள். கட்டியைக் கீறிச் சீழ் எடுக்கவும் கத்தி எடுத்தவர் அவரே. அந்தச் சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயர் வெறும் மரியாதைக்கு வந்ததில்லை.

அடைப்பத்தில் இருந்த கத்திகள் இரண்டு வகை. ஒன்று உள்ளூர்க் கொல்லர் அடித்தது: அலகு கனமாக, முதுகிலிருந்து வாய்வரை ஆப்புபோல் இறங்கும். மற்றது கப்பலில் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ், வேடு அண்ட் புட்சர், உஸ்டன்ஹோம் முத்திரைகளும் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து முத்திரைகளும் இவற்றில் அதிகம். இவற்றின் அலகு இருபுறமும் வட்டக்கல்லில் குடைந்து சாணை பிடிக்கப்பட்டு நடுவில் காகிதம்போல மெலிந்திருக்கும். நகத்தால் சுண்டினால் மெல்லிய ஓசை வரும். ஆணி கோக்கும் அடிப்பகுதியான காம்பில் உள்ள முத்திரையைப் படித்தால் வயது ஓரளவு பிடிபடும். அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. அதனால் ‘இங்கிலாந்து’ என்ற சொல் பொறித்த ஷெஃபீல்டு கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு உண்டு.

கப்பலில் வந்த எஃகின் கதையில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கல்வராயன் மலையடிவாரத்தில், சங்கராபுரம் வட்டத்து மேல்சிறுவளூரில், மண்மூசையில் எஃகு உருக்கிய பழைய களம் ஒன்றை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990-களில் ஆராய்ந்து வெளியிட்டார். மூசைக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு வாய் அடைத்து நீண்ட நேரம் உலையில் வைத்து எடுத்த அந்த எஃகைத்தான் ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றனர். உருக்கு என்ற சொல்லின், அல்லது கன்னடத்து உக்கு என்பதன், திரிபு அது என்பர். லண்டன் ராயல் சொசைட்டிக்கு இந்த எஃகின் கட்டிகள் போய்ச் சேர்ந்து, 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் நுண்ணிய கத்திகளுக்கு வூட்ஸ் சிறந்தது என்று சான்று சொன்னார். பின்னர் அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகுக் கலவைகளைச் சோதித்து 1820-இலும் 1822-இலும் முடிவுகளை வெளியிட்டனர். மின்சாரத்தோடு மட்டும் சேர்த்துப் பேசப்படும் ஃபாரடே, தம் கலவை எஃகில் சவரக்கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குக் கொடுத்தவர். 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது அதற்கான தாது சேலம் பக்கத்திலிருந்து போனது. ஷெஃபீல்டு முத்திரையுள்ள எந்தக் கத்தியிலும் இந்த மண்ணின் இரும்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இங்கிலாந்தில் எஃகை ஆராய்ந்தவர்கள் அளவுகோலாக வைத்துக்கொண்ட ஒன்று இந்தப் பக்கத்து மூசையிலிருந்து வந்த வகை.

புதுப்பிக்கத் தகுந்த கத்தியா என்பதை முதலில் பார்க்க வேண்டும். துரு கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும். ஆனால் கத்தியைச் சாகடிப்பது துரு அல்ல, விரிசல். அலகை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து, வாயோரம் மயிரிழைக் கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடினால் அந்தக் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், கன்னத்தில் வைக்கக் கூடாது. வாயிலிருந்து சிறு துண்டு உடைந்திருப்பது பெரிய குறை இல்லை, கல்லில் இறக்கிவிடலாம். வாயோரம் ஊசி குத்தியதுபோல் துருக்குழிகள் இருந்தால் யோசிக்க வேண்டும்: மேலே ஒரு குழியாகத் தெரிவது உள்ளே தேன்கூடாக இருக்கும், தீட்டத் தீட்ட வாய் பொரிந்து உதிரும். முதுகில் உள்ள கறைகளையும் குழிகளையும் பற்றிக் கவலையே வேண்டாம்.

முதுகைப் பற்றி இன்னொரு விஷயம். சவரக்கத்தியைத் தீட்டும்போது வாயும் முதுகும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்திருக்க வேண்டும். கூரின் கோணத்தை முதுகின் தடிப்புதான் நிர்ணயிக்கிறது. அலகு 16 மி.மீ. அகலமும் முதுகு 4.5 மி.மீ. தடிப்பும் இருந்தால் கோணம் 16 பாகைக்குச் சற்று மேலே வரும். சவரத்துக்கு அதுதான் பதமான அளவு. முன்பு வைத்திருந்தவர் முதுகை ஒருபக்கமாகத் தேய்த்துத் தட்டையாக்கியிருந்தால் அந்தக் கணக்கு கெட்டிருக்கும். அப்படிப்பட்டதை விலைக்கு வாங்காமல் விடுவது நல்லது.

பிரிப்பது பதற்றமில்லாமல் செய்ய வேண்டிய வேலை. ஆணியின் இரு தலைகளும் சின்ன வாஷர்மேல் தட்டி விரிக்கப்பட்டிருக்கும். பிடியில் காகித டேப்பைச் சுற்றிக்கொண்டு, தலையை மட்டும் நுண்ணிய அரத்தால் ராவித் தட்டையாக்க வேண்டும். ஆணியின் வட்டம் வாஷரிலிருந்து தனியாகத் தெரியும்போது நிறுத்திவிட்டு, கீழே துளையிட்ட மரக்கட்டையை வைத்து மெல்லிய பஞ்ச் கருவியால் தட்டினால் ஆணி இறங்கிவிடும். ட்ரில் மெஷினை இங்கே எடுக்கிறவர்கள் பித்தளையில் பிட் வழுக்கிப் பிடியைக் கீறிவிடுவார்கள். பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றில் ஆப்பு ஈயத்தால் ஆனது. மேலே வெள்ளைத் தூள் பூத்திருக்கும். ஈயத்தை உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது, தொட்டபின் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

அலகைத் துடைக்க மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தால் சிவப்புத் துரு இளகும். பிறகு வாட்டர் பேப்பர் 400-இல் தொடங்கி 600, 1000, 2000 என்று ஏறலாம். தாளை ஒரு தக்கைத் துண்டில் சுற்றி, அலகின் குழிவோடு சேர்த்து, முதுகிலிருந்து வாய்ப்பக்கம் போகாமல் அலகின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். அலகை மேஜைமேல் தட்டையாகப் படுக்கவைத்துத் தேய்ப்பது முக்கியம். கையில் தூக்கிப் பிடித்துத் தேய்த்தால் ரத்தம் பார்க்காமல் முடியாது. கருப்பாகப் படிந்த கறை, துருவைப் போல அரிப்பதில்லை. அதை விட்டுவிடலாம். அலகில் பொன்பூச்சு எழுத்தோ அமில வேலைப்பாடோ இருந்தால் அந்த இடத்துக்கு உப்புத்தாள் போகவே கூடாது.

பஃபிங் சக்கரம் வேலையைப் பத்து நிமிடத்தில் முடிக்கும், கத்தியையும் முடித்துவிடும். மெலிந்த வாய் சட்டென்று சூடாகிவிடும். 220 பாகை சூட்டைத் தாண்டும்போது எஃகு வைக்கோல் நிறம் காட்டும், 300 பாகையை நெருங்கும்போது நீலம் பாயும். நீலம் தெரிந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அங்கே இனி கூர் நிற்காது. அந்த அளவு எஃகைத் தேய்த்துத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. சக்கரம் பிடித்தே ஆக வேண்டும் என்றால் அலகை வெறும் விரலால் பிடித்துக்கொண்டு, விரல் பொறுக்காதபோது நீரில் நனைப்பதே கொல்லுப்பட்டறையில் கற்ற முறை.

இனி பிடி. பழைய பிடி எந்தப் பொருளால் ஆனது என்பதை மூக்கால் கண்டுபிடிக்கலாம். உள்பக்கத்தில் ஓர் ஓரத்தை உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து, சூடு ஆறுவதற்குள் முகர வேண்டும். தீய்ந்த தலைமுடி வாடை வந்தால் கொம்பு. கார்பாலிக் சோப்பு நெடி வந்தால் பேக்கலைட். கற்பூரம் மணந்தால் செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்து 1870 வாக்கில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள் அது. தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் பதிலாக வந்தது. சீப்பு, பொம்மை, சினிமாச் சுருள் எல்லாவற்றிலும் புகுந்ததுபோலக் கத்திப் பிடியிலும் புகுந்தது. பார்க்க அழகு. முதுமையில்தான் அதன் குணம் தெரியும்.

செல்லுலாய்டு பழசாகும்போது அமில ஆவியை விடும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். சித்திரை வெயிலில் தகர டிரங்குப் பெட்டிக்குள் இருந்த கத்திக்கு வேறு பகை வேண்டாம். அடையாளம் எளிது: பிடிக்கு வெளியே இருந்த முதுகும் காம்பும் பளபளக்க, பிடிக்குள் மூடியிருந்த பாகம் மட்டும் பழுப்பாகத் துருவேறியிருக்கும், ஆணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. பிடியைக் கழற்றி வீசிவிட வேண்டும். அலகை மட்டும் சுத்தம் செய்து அதே பிடியில் போட்டால் சில மாதங்களில் துரு திரும்பி வரும். ஒரே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் கெடுக்கும். கழற்றிய துண்டு எளிதில் பற்றி எரியக்கூடியது என்பதால் அடுப்படி, சிகரெட் பக்கம் போகக் கூடாது.

கொம்புப் பிடிக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை. வளைந்திருந்தால் கொதிநீரில் போட்டு இளகியதும் இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி ஆறவிட்டால் நேராகிவிடும். காய்ந்து ஏடு ஏடாகப் பிரிந்தால் எண்ணெயில் சில நாள் ஊறவைக்கலாம். பூச்சி தின்ற சிறு குழிகளைப் பசை வைத்து அடைத்து மெருகேற்றலாம். ஆணித்துளையோடு உடைந்த கொம்பை மட்டும் காப்பாற்ற முடியாது.

புதுப் பிடிக்கு என்ன போடுவது என்று யோசிக்கும்போது சிலவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். தந்தம், ஆமையோடு, மான் கொம்பு மூன்றும் 1972-ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன; காட்டில் உதிர்ந்து கிடந்த மான் கொம்பு என்று சொன்னாலும் விற்பனை குற்றமே. எருமைக் கொம்புக்கு அந்தத் தடை இல்லை. பழைய ஷெஃபீல்டு பிடிகளில் பலவும் அதே எருமைக் கொம்பு வகைதான்.

மரம் என்றால் கள்ளக்குறிச்சிக்காரர்கள் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இந்தத் தொழில் நடக்கிறது. வாகையிலும் பூவரசிலும் பிள்ளையாரும் தசாவதாரமும் செதுக்கும் பட்டறைகளில் ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள துண்டு கழிவுக்குப் போகிற பொருள். சவரக்கத்திக்கு அதற்குமேல் தேவையே இல்லை.

எந்த மரம் என்பதில் சொல்ல நிறைய இருக்கிறது. பிடிக்கு வேண்டியது வைரம் பாய்ந்த கட்டை. வெளிவட்டத்து வெளிர் மரத்தைப் பூச்சி விடாது. பூவரசின் வைரம் கருஞ்சிவப்பாக, நெருக்கமான இழையோடு, ஆணி அடித்தாலும் எளிதில் பிளக்காமல் இருக்கும். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதோடு அந்த மரத்தை மறந்துவிடுகிறவர்கள் அதன் கட்டையையும் ஒருமுறை மெருகேற்றிப் பார்க்கலாம். புளியின் நடுவைரம் இன்னும் கருமை, இன்னும் கடினம். ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். வேங்கை பார்வைக்குப் பொன். ஆனால் குழந்தைகளுக்குப் பொட்டு வைக்க மை எடுக்கிற அந்தச் செம்பிசின் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை ஏறும். வேங்கைப் பிடி போட்டால் உள்பக்கத்தையும் வார்னிஷால் முழுக்க அடைக்க வேண்டும். கருங்காலிக்கு இப்போது மாலைக்காரர்கள் ஏற்றிவிட்ட கிராக்கி இருப்பதால் சாயம் ஏற்றிய கட்டையும் அந்தப் பெயரில் வருகிறது. ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் உண்மை துணியில் தெரியும். கல்வராயன் மலைக் காப்புக்காட்டில் மரம் வெட்டிக்கொண்டுவரும் எண்ணம் வேண்டாம். இடித்த வீட்டின் பழைய நிலை, ஜன்னல் சட்டம், உடைந்த செக்கு ஆகியவற்றின் மரம் பல ஆண்டு வெயிலும் மழையும் பார்த்து அடங்கியது. புதிதாக அறுத்த பலகை எதுவும் அதற்கு ஈடாகாது.

பட்டை ஒவ்வொன்றும் சுமார் 3 மி.மீ. தடிப்பு, 150 மி.மீ. நீளம். பழைய பிடி எவ்வளவு உடைந்திருந்தாலும் தூக்கிப் போடும் முன் அதன் உருவத்தை அட்டையில் வரைந்து, இரண்டு துளைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு துளைகளுக்கும் உள்ள தூரம்தான் எல்லாவற்றுக்கும் உயிர்: குறைந்தால் மடக்கும்போது அலகின் முனை ஆப்பில் மோதும். பழைய பிடி கிடைக்காதவர்கள் அட்டையிலேயே பிடி வெட்டி, குண்டூசி கோத்து, மடக்கி விரித்துப் பார்த்த பிறகு மரத்தைத் தொட வேண்டும்.

இரண்டு பட்டைகளையும் இருபக்க ஒட்டு டேப்பால் சேர்த்து ஒட்டி, ஒரே கட்டையாக வைத்து அறுத்து, ஒரே இறக்கில் துளையிட வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் நூலிழை பிசகும். மூடும்போது அலகு ஒருபக்கமாகப் போய்ப் பட்டையைக் கீறும். ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி போதும், அதே அளவு பிட். பிரித்த பிறகு வெளிப்பக்க ஓரங்களை அரத்தால் உருட்டி, 2000 வரை உப்புத்தாள் ஓட்டி, ஆளிவிதை எண்ணெயோ அரக்கு பாலிஷோ ஏற்றலாம். அரக்குக்குச் சுடுநீர் ஆகாது என்பதால் தினம் சவரம் செய்யும் கத்திக்கு எண்ணெய்தான் பொருத்தம்.

ஆப்பை நீளவாக்கில் சரிவாகச் சீவ வேண்டும். அந்தச் சரிவுதான் இரண்டு பட்டைகளையும் லேசாக வில்போல வளைத்து, காம்பை இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. தடித்த ஆப்பு போட்டால் பட்டை நடுவில் உப்பும், மெலிந்த ஆப்பு போட்டால் அலகு உரசும். முதல் ஆப்பே சரியாக அமைந்தால் அதிர்ஷ்டம். மூன்று நான்கு சீவுவதாக வைத்துக்கொள்வதே வழக்கம்.

ரிவிட் அடிப்பது கடைசி. கம்பியை இருபுறமும் வாஷருக்குமேல் ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி நறுக்கி, பிசிரை அரத்தால் எடுத்து, கீழே சின்னப் பட்டடையோ தண்டவாளத் துண்டோ வைத்து, குண்டுத்தலைச் சுத்தியால் தட்ட வேண்டும். அடிப்பது அல்ல, தட்டுவது. நகை வேலை செய்யும் ஆசாரி தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு புரியும்: சுத்தி தன் எடையில் விழும், கை அதைத் தூக்க மட்டும் செய்யும். இருபது முப்பது தட்டில் கம்பியின் நுனி காளான்போல் விரியும். ஒருபக்கம் பத்து தட்டு, திருப்பி மறுபக்கம் பத்து. தளர்வாக இருக்கும்போது சத்தம் கிணுகிணு என்று வரும், இறுகியதும் மொட்டையாகிவிடும். அங்கே நிறுத்தி, கத்தியை விரித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கோணத்தில் விட்டாலும் அலகு தானாக விழாமல் நின்றால் சரி. இன்னும் இரண்டு தட்டு என்று ஆசைப்பட்டால் மரம் பிளந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தீட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அது சொல்லி வராது. 1000 எண் கல்லில் வாயை உருவாக்கி, 4000, 8000, 12000 என்று ஏறி, தோல்வாரில் ஐம்பது அறுபது முறை முதுகு முன்னே போகும்படி இழுப்பது வழக்கம். வாரின் முனையில் கத்தியைத் திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். வாய்மேல் புரட்டினால் வாரும் அறும், கூரும் போகும். வேர்ப்பக்கம் பிடித்துத் தொங்கவிட்ட ஒற்றை முடி, கத்தி பட்டதும் ஓசையில்லாமல் துண்டானால் கூர் வந்துவிட்டது.

இப்படிப் புதுப்பித்த கத்தி ஒருவருக்கு மட்டுமே உரியது. ரத்தத்தின் வழியே நோய் தொற்றும் என்று தெரிந்த பிறகு சலூன்களில் ஒடித்த பாதி பிளேடைச் செருகும் கத்தி வந்ததும், ஒவ்வொருவருக்கும் பிளேடை மாற்றுவதும் சரியான வழக்கம். அதிலிருந்து பின்னோக்கிப் போகத் தேவையில்லை. சொந்தக் கத்தியையும் முதல் சவரத்துக்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்தாக வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்குப் பின்னும் அலகைக் காயத் துடைத்து, பட்டைகளுக்கு நடுவே துணி நுழைத்து ஈரம் எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைக்கலாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடித்து ஒட்டிக்கொள்ளும்.

மரம் புதிது என்றால் முதல் ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டை சற்று உப்பும், தையில் காற்று காய்ந்ததும் சுருங்கும். அப்போது அலகு தளர்ந்து தொங்கினால் பயப்பட வேண்டாம். ஆணித்தலையில் இரண்டு தட்டு தட்டினால் போதும்.